நுனி இல்லாத பிர்ச் மரங்கள்

பக்கவாதம் வந்தபின் எய்னோவிடம் ஒரே ஒரு சொல் மிச்சம் இருந்தது. சரி.

காப்பி வேண்டுமா என்றால் சரி. வலிக்கிறதா என்றால் சரி. உங்கள் பெயர் என்ன என்று மிக்கேலி நகர ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோதும் சரி. மற்ற சொற்களெல்லாம் உள்ளேதான் இருக்கின்றன, வெளியே வரும் வழி அடைபட்டுவிட்டது என்று டாக்டர் அவன் மனைவி ஹில்க்காவுக்கு விளக்கினார். நாம் பேசுவது அவருக்குப் புரியும், ஆனால் அவர் சொல்லும் சரியை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள் என்றும் சொன்னார்.

ஹில்க்கா தலையாட்டினாள். வீட்டுக்கு வந்தபின் எல்லாவற்றையும் அவனிடமே கேட்டாள். கல்யாணமான நாளிலிருந்து உள்ள பழக்கம். இன்றைக்கு மீன் சூப் வைக்கட்டுமா? ஜன்னலைத் திறக்கட்டுமா? இந்தச் சட்டை இன்னொரு வருஷம் தாங்குமா? அவன் சரி என்பான். சமையலறையிலிருந்து கேட்டால் இரண்டு பேர் பேசிக்கொள்வது போலவே இருக்கும்.

மாடிப்படி ஏற முடியாது என்பதால் கட்டிலைக் கீழே கூடத்தில் மேற்கு ஜன்னலோரம் போட்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே மூன்று பிர்ச் மரங்கள். வீட்டைவிட மூன்று மடங்கு உயரம். எய்னோ நாள் முழுவதும் அவற்றைப் பார்த்தபடி படுத்திருப்பான். அவனுக்கு வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. கண்ணும் இடக்கையும்தான் அவன் சொன்னபடி கேட்டன.

காலையில் அவனைக் குளிப்பாட்டித் துணி மாற்றிவிட நகராட்சியிலிருந்து நீனா வருவாள். வாய் ஓயாத பெண்.

"என்ன எஜமான், ராத்திரி தூங்கினீங்களா? இல்ல எனக்குத் தெரியாம டான்ஸ் கொட்டகைக்குப் போயிட்டீங்களா?"

"சரி."

"கேட்டீங்களா ஹில்க்கா? தானே ஒத்துக்கிட்டாரு. யாரோட ஆடினாருன்னு நீங்கதான் விசாரிக்கணும்."

"என்கூட ஆடினப்பவே கால மிதிச்சவன். வேற எவ வருவா?"

எய்னோவின் வாய் இடப்பக்கம் கொஞ்சம் கோணும். அதுதான் அவன் சிரிப்பு.

அக்டோபரில் ஒரு சூறைக்காற்று அடித்தது. நடு மரத்திலிருந்து ஒரு கிளை முறிந்து, வேலியைத் தாண்டி, பக்கத்து வீட்டு முற்றத்தில் குழந்தை குதித்து விளையாடும் வலை மேல் விழுந்தது. இரும்புச் சட்டம் வளைந்துவிட்டது. குழந்தையைச் சாப்பிடக் கூப்பிட்டு அப்போதுதான் உள்ளே அழைத்துப் போயிருந்தார்கள்.

அதன் அப்பா ஜார்னோ அன்றைக்கு எதுவும் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. பனி விழுந்தபின், ஹில்க்கா எழுந்திருக்கும் முன்பே அவள் வாசல் பாதையில் பனியைத் தள்ளிவிட்டுப் போக ஆரம்பித்தான். அந்தத் தெருவில் ஒருவன் கேளாமல் உதவி செய்தால் அவனுக்குக் கேட்க ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். ஹில்க்கா காத்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவைத் தட்டினான்.

காப்பி ஊற்றி ஏலக்காய் ரொட்டியை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"சொல்லு ஜார்னோ. வாரக்கணக்கா என் வாசல்ல பனி தள்றே."

"அது... என் வாசல்ல தள்றப்போ அப்படியே சேத்து..."

"உன் வாசல்ல முழங்கால் பனி கிடக்கு. இங்கேருந்தே தெரியுது."

அவன் காது சிவந்தது. கோப்பையைச் சுற்றினான்.

"மரத்தைப் பத்தித்தான்."

"தெரியும்."

"காத்து அடிச்சா நாங்க ரெண்டு பேரும் தூங்கறதில்ல, ஹில்க்கா. எல்சாவை எங்க பக்கம் கொண்டுவந்து படுக்க வைக்கிறோம். அவ கட்டில் இந்த மரத்துக்கு நேரா இருக்கு. மூணையும் எடுத்துடலாமே. ஆள், வண்டி எல்லாம் நான் பாத்துக்கறேன்."

ஹில்க்கா கூடத்தின் பக்கம் பார்த்தாள்.

"அவன் பாக்கறதுக்கு வேற என்ன இருக்கு?"

"டிவி..."

"டிவி பாத்தா அவன் மந்திரிகளைத் திட்டுவான். இப்ப திட்டவும் முடியாது. அது சித்திரவதை."

ஜார்னோ சிரிக்கப் பார்த்து முடியாமல் நிறுத்திக்கொண்டான். ரொட்டியை ஒரு துண்டு பிய்த்தான்.

"பாதியாவது எடுக்கலாமே? நுனியை மட்டும். மரமும் இருக்கும், எங்களுக்குப் பயமும் போயிடும்."

மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. குழந்தை அவள் கண்ணிலும் நின்றது. யோசிக்கிறேன் என்றாள்.

அவன் போனபின் கட்டிலில் எய்னோவின் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்து, அவன் தலையணையில் தன் தலையையும் வைத்துப் பார்த்தாள். வெள்ளை அடிமரம் மூன்று தெரிந்தது. கீழ்க்கிளைகள் தெரிந்தன. அதற்கு மேல் ஜன்னல் சட்டம். நுனி தெரியவே இல்லை. அவனுக்கு ஒன்றும் குறையாது. குழந்தைக்கும் ஒன்றும் ஆகாது.

எழுந்திருக்காமல் அப்படியே கேட்டாள்.

"மேல கொஞ்சம் எடுத்துடலாமா, எய்னோ?"

"சரி."

"வேண்டாமா?"

"சரி."

ஹில்க்காவுக்குச் சிரிப்பு வந்தது. முதல் சரியை எடுத்துக்கொண்டாள்.

எப்போது என்பதைத் தானே முடிவு செய்தாள். எய்னோ மரக்கூழ் ஆலைக்குத் தடி ஏற்றும் லாரி ஓட்டியவன். கனத்த வண்டியை உறைந்த மண்ணில்தான் ஏற்ற வேண்டும், இளகிய மண்ணில் ஏற்றினால் தோட்டம் உழுத வயலாகிவிடும் என்று சாப்பாட்டு மேஜையில் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறான். அதனால் மண் இளகுவதற்கு முன், ஏப்ரல் தொடக்கத்திலேயே ஆளை வரச் சொல்லும்படி ஜார்னோவிடம் சொன்னாள். எய்னோ இருந்திருந்தால் இப்படித்தான் செய்திருப்பான் என்று நினைத்தபோது மனதுக்கு நிறைவாக இருந்தது. இருந்திருந்தால் என்று நினைத்ததற்காக உடனே வருத்தப்பட்டாள்.

தூக்கு வண்டியோடு வந்தவன் பெயர் ரௌனோ. புகைபோக்கி சரி பார்ப்பது, கூரைப் பனி இறக்குவதுதான் அவன் வேலை. கேட்டால் மரமும் வெட்டுவான். வண்டியை முற்றத்தில் ஏற்றி நிறுத்தி, மண்ணைக் குதிகாலால் உதைத்துப் பார்த்தான்.

"கல்லு மாதிரி இருக்கு. நல்ல நேரத்துலதான் கூப்பிட்டிருக்கீங்க. இன்னும் கொஞ்சம் போயிருந்தா வண்டி புதைஞ்சிருக்கும்."

"எங்க வீட்டுக்காரன் லாரிக்காரன்," என்றாள் ஹில்க்கா.

எய்னோவுக்கு இஞ்சின் சத்தம் பிடிக்கும் என்று ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து வைத்தாள். நீனா அவன் முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வைத்தாள். தூக்கு வண்டியின் கூடை மேலே போனது. ரம்பம் கத்த ஆரம்பித்தது.

எய்னோ இடக்கையால் கட்டில் கம்பியை அடித்தான்.

"பாருங்க, எஜமான் வேலை வாங்கறாரு!" என்றாள் நீனா. "யோவ் ரௌனோ, கவனமா வெட்டு, மேற்பார்வைக்கு ஆள் இருக்கு!"

"சரி," என்றான் எய்னோ. கம்பியை மறுபடி அடித்தான். "சரி. சரி. சரி."

"சரி சரி, அவனுக்குக் கேக்காது எஜமான், காதுல மூடி போட்டிருக்கான்."

முதல் நுனி வந்து விழுந்தது. தரை அதிர்ந்தது. எய்னோவின் முகம் சிவந்திருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. மோதிரம் கம்பியில் பட்டுப் பட்டுத் தோல் கிழிந்தது.

"சந்தோஷத்தைப் பாரேன்," என்றாள் ஹில்க்கா. தன் ஏப்ரன் நுனியால் அவன் கண்ணைத் துடைத்தாள். "லாரி சத்தம் கேட்டு எவ்வளவு காலமாச்சு, இல்ல?"

"சரி," என்றான் அவன், இந்தத் தடவை மெதுவாக. கையைப் போர்வைக்குள் எடுத்துக்கொண்டான்.

மாலைக்குள் மூன்றும் முடிந்தன. கூரை மேல் நீட்டியிருந்த கிளைகளையும் எடுத்துவிட்டார்கள். மண்ணில் ஒரு தடமும் இல்லை.

அடுத்த வாரம் வெயில் வந்தது. கூரைப் பனி உருகிச் சொட்டி முடிந்து தகரம் காய்ந்தது. அதன் பிறகும் ஜன்னலுக்கு வெளியே சொட்டும் சத்தம் நிற்கவில்லை. ஹில்க்கா வெளியே போய்ப் பார்த்தாள். மரத்திலிருந்து வந்தது. வெட்டிய கிளைகளின் முனையிலிருந்து நிறமில்லாத நீர் ஜன்னலடித் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. மேலே, நுனி இருந்த இடங்களிலிருந்து வெள்ளைப் பட்டை வழியாக அது அடிவரை வழிந்தது. நாள் பூராவும் வழிந்தது. மறுநாள் விடிகாலை உறைபனியில் எல்லா வெட்டுகளிலும் பனிக்கூர்கள் தொங்கின. வெயில் ஏறியதும் அவை உடைந்து விழுந்தன. மறுபடி சொட்ட ஆரம்பித்தது.

வசந்தத்தில் பிர்ச்சில் துளை போட்டு அந்த நீரை எடுத்துக் குடிப்பது அவளுக்குத் தெரியாததில்லை. ஒரு குவளை எடுப்பார்கள், துளையை ஆப்பு வைத்து அடைத்துவிடுவார்கள். இதற்கு எங்கே ஆப்பு வைப்பது?

செடி விற்கும் கடைக்குப் போன் செய்தாள். ஒரு பெண் எடுத்தாள்.

"பிர்ச்சை எப்போ வெட்டினீங்க?"

"இப்பத்தான். மாசத் தொடக்கத்துல."

"ஏப்ரல்லயா?"

"கட்டுப் போட்டா நிக்காதா? மெழுகு வெச்சா?"

"நிக்காதும்மா. வேர் முழு மரத்துக்கும் தண்ணி அனுப்புது. மேல மரம் இல்லேன்னு அதுக்குத் தெரியாது. இலை விட்டாத்தான் நிக்கும். பிர்ச்சை ஜூலையிலதான் தொடணும், அதுவும் சின்னக் கிளையை மட்டும். நுனியை எடுக்கவே கூடாது."

ஹில்க்கா நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

ஜூலை. ஒவ்வொரு ஜூலையிலும், லீவு ஆரம்பித்த முதல் வாரம், எய்னோ ஏணி போட்டு அந்த மரங்களின் கீழ்க்கிளைகளைக் கழிப்பான். ஏரிக்குப் போகலாம், பெர்ரி பறிக்கலாம் என்று அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். ஆலையில் லீவு அப்போதுதான் கிடைக்கிறது, அதனால்தான் அப்போது செய்கிறான் என்று அத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். மண்ணைப் பற்றி அவன் வாயால் சொன்னான். மரத்தைப் பற்றிச் சொன்னதில்லை. செய்தான்.

கூடத்துக்கு வந்தாள். எய்னோ முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்திருந்தான். தகரத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. போர்வை மேல் கிடந்த இடக்கையில், மோதிரம் கிழித்த இடம் பொருக்கு கட்டியிருந்தது.

அவன் அன்றைக்கு எதற்காகக் கம்பியை அடித்தான் என்பது அவளுக்கு அப்போது தெரிந்தது.

பிறகு சமையலறையிலிருந்து ஒரு பழைய துண்டை எடுத்துப் போய், சத்தம் கேட்காதபடி தகரத்தின் மேல் விரித்துவிட்டு வந்தாள். துண்டு நனைந்ததும் பிழிந்து மறுபடி போட்டாள். மே மாதம் பாதி வரை அதைச் செய்தாள்.

அதற்குப் பிறகு அவள் எய்னோவிடம் எதையும் கேட்கவில்லை. காப்பியைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஜன்னலைத் திறந்தாள், மூடினாள். ஒரு காலை நீனா கவனித்தாள்.

"என்ன, ரெண்டு பேருக்கும் சண்டையா? வீடு சர்ச் மாதிரி இருக்கு."

"பேச என்ன இருக்கு?"

"எஜமான், நீங்களாவது சொல்லுங்க. என்ன செஞ்சீங்க?"

எய்னோ அவளைப் பார்த்தான். அந்தச் சரிகூட வரவில்லை. நீனா அவன் தலையணையை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தாள். அவள் கைப்பையை எடுப்பதற்குள் அவன் முகம் மறுபடி சுவரைப் பார்த்திருந்தது.

தெருவில் மற்ற பிர்ச் எல்லாம் பச்சையானபின் இவற்றில் இரண்டு மட்டும் இலை விட்டன. சின்ன இலை, வெளிறிய மஞ்சள். நடு மரம் விடவில்லை. நீர் வழிந்த தடங்களில் ஆரஞ்சு நிறப் பிசின் போல ஏதோ படிந்து, வெயிலில் புளித்த வாடை அடித்தது.

மத்தியகோடைப் பண்டிகைக்கு முந்தின நாள் ஜார்னோ எங்கிருந்தோ இரண்டு இளம் பிர்ச் கன்றுகளை வெட்டிக்கொண்டு வந்தான். பண்டிகைக்கு வாசலின் இருபுறமும் அவற்றை நிறுத்தி வைப்பது வழக்கம். அந்த வீட்டில் எய்னோ செய்கிற வேலை. ஜார்னோ இரண்டு வாளியில் தண்ணீர் ஊற்றி, கல் போட்டு, கன்றுகளை நிறுத்தினான். கயிறு கட்டும்போது அவளைப் பார்க்காமல் சொன்னான்.

"நான் அன்னைக்குக் கேட்டிருக்கக் கூடாது."

"பயந்தவன் கேக்கத்தான் செய்வான். உன் மேல என்ன தப்பு இருக்கு?"

"நெட்ல ஒரு தடவை பாத்திருந்தா..."

"நீ கரண்டு வயர் மாட்டுறவன். மரத்தைப் பத்தி உனக்கு என்ன தெரியும்? இந்த வீட்ல தெரிஞ்சவன் ஒருத்தன் இருக்கான். நான் அவன்கிட்ட கேட்டேன்." அவள் நிறுத்திக்கொண்டாள். "காப்பி குடிச்சிட்டுப் போ."

அவன் குடித்துவிட்டுப் போனான். கன்றுகள் நாலைந்து நாளில் வாடின. ஹில்க்கா அவற்றை எடுத்துக் கொல்லையில் போட்டாள்.

ஆகஸ்டில் நடு மரத்தின் வெட்டுக்குக் கீழே காளான் முளைத்தது. மற்ற இரண்டிலும் வெட்டைச் சுற்றி மெல்லிய குச்சிகள் துடைப்பம் போலக் கிளம்பியிருந்தன. காற்றடித்தால் அவைதான் முதலில் முறியும். ஜார்னோ கேட்கவில்லை. ஆனால் சாயங்காலக் காற்றில் எல்சாவின் அறை விளக்கு அணைந்து, பெற்றோர் அறையில் விளக்கு எரிவதை ஹில்க்கா பார்த்தாள். மரம் இருந்தும் எய்னோ பார்ப்பதில்லை. மரம் பாதியாகியும் குழந்தை தன் கட்டிலில் படுப்பதில்லை.

வீட்டில் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு ஓய்வு கிடைக்கட்டும் என்று நோயாளியை ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்வார்கள். நீனா பலமுறை சொல்லியும் ஹில்க்கா அதுவரை ஒத்துக்கொண்டதில்லை. செப்டம்பரில் ஒத்துக்கொண்டாள். எய்னோவை வண்டியில் ஏற்றியபோது அவன் சட்டைக் காலரைச் சரி செய்தாள். அவன் அவளைப் பார்த்தான்.

"ஒரு வாரம்தான்," என்றாள்.

அவன் இல்லாதபோது ரௌனோ வந்தான். அது மழை வாரம். மண் இளகிக் கிடந்தது.

"இப்ப வண்டி ஏறினா தோட்டம் போயிடும்," என்றான்.

"போகட்டும்."

மூன்றையும் அடியோடு எடுத்தார்கள். நடு மரத்தின் உள்ளே கை நுழையும் அளவு பழுப்பாக உளுத்திருந்தது. ஜார்னோ தடிகளைப் பிளந்து அவள் சவுனா நீராவிக் குளியலறையின் பின்னால் அடுக்கினான். சக்கரம் பதிந்த பள்ளங்களில் மழைநீர் நின்றது. ஹில்க்கா படியில் உட்கார்ந்து கடைசி வரை பார்த்தாள். கண்ணை எடுக்கவில்லை. அவனுக்கு அன்றைக்குப் பார்க்க வேண்டியிருந்தது, தனக்கும் இருக்கட்டும் என்று நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் எய்னோவைக் கொண்டுவந்தார்கள். நீனா கட்டிலில் படுக்கவைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். ஹில்க்காவின் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

எய்னோ சுவரின் பக்கம் திரும்பவில்லை. ஜன்னலைப் பார்த்தான். வானம் இருந்தது, ஜார்னோ வீட்டுக் கூரை இருந்தது, வேலி இருந்தது. அவன் கண் ஒவ்வொன்றிலும் நின்று நின்று போனது. திரும்பி வந்தது. மறுபடி போனது. அவன் அழுவான் என்று நினைத்திருந்தாள். அழவில்லை. சொல்வதற்காக ஒரு வாரமாகச் சில வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தாள். சொன்னால் அவன் என்ன சொல்வான் என்று தெரியும் என்பதால் சொல்லவில்லை.

சூப்பைக் கொண்டுவந்தாள். ஊதி ஊதி ஊட்டினாள். கிண்ணம் பாதியானபோது சூரியன் கூரை விளிம்புக்குக் கீழே இறங்கி, வெயில் நேராகக் கட்டிலில் விழுந்தது. எய்னோ கண்ணை இறுக மூடிக்கொண்டான். இடக்கையைத் தூக்கி முகத்தை மறைத்தான். கை தாங்காமல் கீழே இறங்கியது. மறுபடி தூக்கினான்.

அந்த ஜன்னலில் திரை மாட்டக் கம்பிகூடக் கிடையாது. இத்தனை வருஷம் தேவைப்படவில்லை.

ஹில்க்கா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் போய் நின்றாள். அவள் குள்ளம். குதிகாலைத் தூக்கிக்கொண்டாள். நிழல் அவன் முகத்தில் விழும்வரை கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்தாள். அவன் கண்ணைத் திறந்தான்.

சூரியன் ஜார்னோ வீட்டுக் கூரைக்குப் பின்னால் போகும்வரை அப்படியே நின்றாள். சூப் ஆறிப்போனது.